முதலில் விழக் கற்க வேண்டும்: உடல்நலத்துக்காக ஜூடோ பழக நினைப்பவர்களுக்கு

ஜூடோ வகுப்பில் புதிதாகச் சேரும் பெரியவர்களுக்கு முதல் சில வாரங்கள் ஏமாற்றமாகவே இருக்கும். எதிராளியைத் தோளுக்கு மேல் புரட்டி வீழ்த்தும் வித்தையைக் கற்க வந்திருப்பார்கள். பயிற்சியாளரோ அவர்களைப் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்து, முகவாயை நெஞ்சோடு சேர்க்கவும் இரு கைகளாலும் பாயைத் தட்டவும் சொல்லிக்கொண்டிருப்பார். பிறகு குந்தியபடி பின்னால் சாய வேண்டும். பிறகு நின்றபடி. பிறகு பக்கவாட்டில். இந்தப் பயிற்சிக்கு உகெமி என்று பெயர். அடிபடாமல் விழும் முறை. உண்மையான பாடம் தொடங்கும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டிய சடங்கு இது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பதக்க ஆசை எதுவும் இல்லாமல், நாற்பது வயதில் உடம்பைச் சீராக வைத்துக்கொள்ளப் பழக வருபவருக்கு ஜூடோ தரக்கூடிய மிகப் பெரிய பயன் இந்த உகெமிதான்.

நாம் எப்படி விழுகிறோம்

குளியலறையில் வழுக்கினாலும் மாடிப்படியில் கால் இடறினாலும் உடல் தானாகச் செய்யும் காரியம் ஒன்று உண்டு: கையை நீட்டித் தரையில் ஊன்றும். உடலின் எடை முழுவதும் அந்தச் சிறிய மணிக்கட்டின் மேல் இறங்கும். மணிக்கட்டு உடையும், அது தாங்கினால் அதிர்ச்சி முழங்கைக்கும் தோளுக்கும் ஏறிக் காரை எலும்பு முறியும். பின்பக்கமாக விழுந்தால் இன்னும் ஆபத்து. இடுப்பு தரையில் பட்ட மறுகணம் கழுத்து தளர்ந்து பின்மண்டை அடிபடும். வயதானவர்கள் பக்கவாட்டில் விழும்போது தொடை எலும்பின் மேற்பகுதி, அதாவது இடுப்பு மூட்டை ஒட்டிய பகுதி உடைகிறது. அதற்குப் பிறகு பழையபடி நடமாட முடியாமல் போனவர்களை நம் வீடுகளிலேயே பார்த்திருக்கிறோம்.

உகெமி இந்த அனிச்சைச் செயலை மாற்றி எழுதுகிறது. பின்பக்கமாக விழும்போது முகவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும். கண் இடுப்பில் கட்டிய பெல்ட்டின் முடிச்சைப் பார்க்க வேண்டும் என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். பார்வை அங்கே இருந்தால் தலை பின்னால் சாயாது. முதுகு பலகைபோல விறைக்காமல் வளைந்திருக்க வேண்டும். அப்போது புட்டம், இடுப்பு, நடுமுதுகு, தோள்பட்டை என்று உடல் பகுதி பகுதியாகத் தரையைத் தொடும். கைகள் உடலிலிருந்து சற்று விலகி, ஏறக்குறைய 45 பாகைக்குள், உள்ளங்கை முதல் முழங்கை வரை ஒரே நேரத்தில் பாயை அறைய வேண்டும். கை தோள் உயரத்துக்கு விரிந்துவிட்டால் தோள்மூட்டு அடிபடும். விழும் நொடியில் மூச்சை அடக்காமல் வெளியே விட வேண்டும்.

இதற்குப் பின்னால் உள்ள இயற்பியல் எளியது. விழும் உடலின் வேகம் எப்படியும் தரையில் தீர்ந்தாக வேண்டும். அது மிகக் குறுகிய நேரத்தில் ஒரு சிறு புள்ளியில் தீர்ந்தால் எலும்பு முறிகிறது. சற்று நீண்ட நேரத்தில் பரந்த பரப்பில் தீர்ந்தால் வலிகூட இருக்காது. முன்பக்கமாக உருளும் உகெமியில் இன்னொரு வசதியும் சேர்கிறது. கீழ்நோக்கிய வேகத்தின் ஒரு பகுதி முன்னோக்கிய உருளலாக மாறிவிடுவதால், ஒரு தோளில் தொடங்கி முதுகின் குறுக்காக எதிர்ப்பக்க இடுப்பில் முடியும்போது உடல் தானாகவே எழுந்து நிற்கத் தயாராகிவிடும். பார்ப்பவர்களுக்கு அது வித்தைபோலத் தெரியும். பழகியவர்களுக்கு நடப்பதுபோல இயல்பானது.

இது பாயில் மட்டும் செல்லுபடியாகும் திறமையா, வாழ்க்கையிலும் உதவுமா என்ற கேள்வி நியாயமானது. தற்காப்புக் கலையில் கற்பிக்கப்படும் விழும் முறையால் பக்கவாட்டில் விழும்போது இடுப்பின் மேல் இறங்கும் தாக்குவிசை குறைகிறது என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். முன்பயிற்சியே இல்லாதவர்களுக்குக் கொஞ்ச நேரம் கற்றுக்கொடுத்தபோதும் அந்தக் குறைவு தெரிந்தது. ஆனால் சிமெண்ட் தரையிலும் தார்ச்சாலையிலும் கையால் ஓங்கி அறைவது நல்லதல்ல, கைதான் வலிக்கும். அங்கே உண்மையில் உங்களைக் காப்பவை மூன்று பழக்கங்கள்: தலையை உள்ளே இழுப்பது, கையை ஊன்றாமல் இருப்பது, உருண்டுவிடுவது.

கானோ செய்த மாற்றம்

ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1860இல் ஜப்பானில் பிறந்தவர். சிறிய உருவம். வலுத்த மாணவர்களின் தொல்லையைச் சமாளிக்க ஜுஜுத்சு என்னும் பழைய ஜப்பானியத் தற்காப்புக் கலையைக் கற்கத் தொடங்கியவர், 1882இல் தோக்கியோவில் எய்ஷோஜி என்னும் புத்தக் கோயிலில் 12 பாய் விரித்த ஓர் அறையில் தன் சொந்தப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் கோடோகான். கானோ போர்வீரர் அல்லர், கல்வியாளர். ஆசிரியர்களை உருவாக்கும் தோக்கியோ கல்லூரி ஒன்றின் தலைவராக நெடுங்காலம் பணியாற்றியவர். 1909இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவில் இடம்பெற்ற முதல் ஆசியரும் அவரே.

அவர் செய்த முக்கியமான காரியத்தைப் பொழுதுபோக்காகப் பழகுபவர்கள் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டும். பழைய ஜுஜுத்சுவில் குத்து, உதை, விரல் முறிப்பு உட்பட எதிராளியை ஊனமாக்கும் நுட்பங்கள் பல இருந்தன. முழு பலத்தோடு அவற்றைச் செய்து பார்க்க முடியாது. செய்தால் கூடப் பயிலும் நண்பர் மறுநாள் வகுப்புக்கு வர மாட்டார். கானோ அவற்றைப் பிரித்தெடுத்தார். ஆபத்தானவற்றை முன்கூட்டியே வகுத்த அசைவு வரிசைகளாக, அதாவது காத்தாக்களாக வைத்துக்கொண்டார். வீழ்த்துவது, தரையில் அமுக்கிப் பிடிப்பது போன்றவற்றை இருவர் உண்மையான எதிர்ப்போடு முயன்று பார்க்கும் ராந்தோரி என்ற சுதந்திரப் பயிற்சிக்கு விட்டார். இந்த ராந்தோரியைச் சாத்தியமாக்குவது உகெமி. விழத் தெரிந்த ஒருவரைத்தான் முழு மனதோடு வீழ்த்த முடியும். ஒரே மாலையில் பல முறை விழுந்து எழுந்து, கைகுலுக்கி வீட்டுக்குப் போய், மறுநாள் அலுவலகம் செல்ல ஒருவரால் முடிகிறது என்றால், அதற்குக் கானோ அன்று எடுத்த அந்த முடிவுதான் காரணம்.

வீழ்த்துபவருக்கும் இதில் கடமை உண்டு. எதிரில் இருப்பவர் காற்றில் புரளும்போது அவருடைய சட்டைக்கையைப் பிடித்திருக்கும் கையை விடக் கூடாது. கடைசி நொடியில் மேல்நோக்கி இழுத்துத் தர வேண்டும். அந்தச் சிறிய இழுப்பு அவருடைய தலையையும் தோளையும் காக்கிறது. இருவரும் சேர்ந்து முன்னேறுவது என்ற கொள்கையைக் கானோ வலியுறுத்தினார். சுவரில் எழுதி மாட்டும் வாசகமாக அதைப் பார்க்காமல், இந்தக் கையில் பாருங்கள். ஒரு வகுப்பு நல்ல வகுப்பா என்று அறிய நான் முதலில் கவனிப்பது அந்தக் கையைத்தான்.

உடலுக்கு என்ன கிடைக்கிறது

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும். அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு வேண்டும். கூடவே வாரத்தில் 2 நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும். 65 வயதைக் கடந்தவர்களுக்குச் சமநிலைப் பயிற்சியும் சேர்த்துச் சொல்லப்படுகிறது.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலை ஆய்வாளர்கள் 1 மெட் என்று வைத்துக்கொள்கிறார்கள். பல்வேறு உழைப்புகளை இப்படி அளந்து தொகுத்த 2011ஆம் ஆண்டுப் பட்டியலில், புதியவர்கள் மெதுவாகச் செய்யும் தற்காப்புக் கலைப் பயிற்சிக்கு 5.3 மெட் என்றும், ஜூடோ, கராத்தே, டேக்வாண்டோ போன்றவற்றை நடுத்தர வேகத்தில் செய்வதற்கு 10.3 மெட் என்றும் குறிக்கப்பட்டிருக்கிறது. 3 முதல் 6 வரை மிதம், 6க்கு மேல் கடுமை என்பது கணக்கு. வேக நடைக்கு 4.3தான். ஆகவே வாரம் இரண்டு வகுப்பு ஒழுங்காகப் போகும் ஒருவர் தொடக்கத்தில் மிதமான எல்லையின் உச்சியில் இருப்பார். பழகப் பழகக் கடுமையான எல்லைக்குள் போய்விடுவார்.

ஜூடோவில் உடற்பயிற்சி ஒளிந்திருக்கும் இடம் எதுவென்றால், எழுந்திருப்பதில். ஒவ்வொரு முறை விழுந்த பிறகும் எழுந்தாக வேண்டும். ஒரு மணி நேரத்தில் எத்தனையோ முறை தரைக்குப் போய்த் திரும்புகிறோம். தொடையும் வயிறும் முதுகும் அதற்கு உழைத்தாக வேண்டும். உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களிடம் முதலில் தளர்ந்துபோகும் தசைகளும் இவையே. எதிராளியின் தடித்த பருத்திச் சட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருப்பதால் விரலும் முன்கையும் இறுகுகின்றன. ஒற்றைக்காலில் நின்று மற்றொரு காலால் தடுக்க முயல்வதில் சமநிலை வளர்கிறது. இதில் எதையும் நாம் எண்ணிக்கொண்டு செய்வதில்லை. கவனம் முழுவதும் எதிரே நிற்பவர் எந்தக் காலில் எடையை வைக்கிறார் என்பதில் இருக்கிறது. ஓட்டப் பயிற்சி இயந்திரத்தில் நிமிடங்களை எண்ணிச் சலித்தவர்கள் இங்கே ஆண்டுக்கணக்கில் நிலைப்பதற்கு அதுவே காரணம் என்று நம்புகிறேன்.

முதல் வாரங்களில் எதிர்பாராத இடங்கள் வலிக்கும். தலையைத் தூக்கி வைத்தே பழகுவதால் கழுத்தின் முன்பக்கத் தசை வலிக்கும். உருளும்போது தலைசுற்றும். குழந்தைகளுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பல ஆண்டுகளாகத் தலைகீழாகப் புரண்டறியாத பெரியவர்களுக்கு உட்காதின் சமநிலை உறுப்பு திரும்பப் பழக அவகாசம் வேண்டும். சில உருளல்களோடு நிறுத்தி, அடுத்த வகுப்பில் கூட்டிக்கொள்ளலாம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஆபத்தை மறைக்கக் கூடாது

ஜூடோவின் தாயகமான ஜப்பானில், 1980களிலிருந்து அடுத்த முப்பது ஆண்டுகளில், பள்ளி ஜூடோவில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். 2012இல் நடுநிலைப் பள்ளிகளில் தற்காப்புக் கலை கட்டாயப் பாடமானபோது இந்த எண்ணிக்கை பொதுவெளியில் பெரிய விவாதமானது. தலையில் அடிபட்டு மூளையுறைக்குக் கீழே இரத்தம் கசிந்ததே பல சாவுகளுக்குக் காரணம். உகெமி படியாத புதிய மாணவர்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். எதிராளியின் காலை வெளிப்பக்கமாகத் தன் காலால் வாரிப் பின்னால் சாய்க்கும் ஓசோதோகாரி என்ற வீழ்த்தல் பல சம்பவங்களில் திரும்பத் திரும்ப வந்தது. தலை நேராகப் பின்னோக்கிப் போகும் வீழ்த்தல் அது. பிரான்சில் ஜூடோ பழகும் குழந்தைகள் ஏராளம். அங்கே 1955இலேயே சட்டம் இயற்றி, ஜூடோ ஆசிரியருக்கு அரசுச் சான்றிதழைக் கட்டாயமாக்கினார்கள். பின்னாளில் ஜப்பானிய ஜூடோ சம்மேளனமும் தன் பயிற்சியாளர்களுக்கான தகுதி முறையைக் கடுமையாக்கியது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கான தேசியத் தனிநபர் போட்டியை 2022இல் ரத்துசெய்தது. வெற்றி வெறி பிள்ளைகளைக் கெடுக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

இதைப் படித்துவிட்டு ஜூடோவே வேண்டாம் என்று ஓட வேண்டியதில்லை. உகெமியைச் சடங்காக நடத்திவிட்டு அவசரமாக அடுத்த பாடத்துக்குத் தாவும் வகுப்பை விட்டு ஓட வேண்டும். முதல் நாளே புதியவரைத் தூக்கி எறிந்து காட்டும் பயிற்சியாளரிடம் போகாதீர்கள். தலையில் அடிபட்டுத் தலைவலியோ குமட்டலோ மயக்கமோ வந்தால் அன்றைக்கு மட்டும் ஓய்வெடுத்தால் போதாது. மருத்துவரைப் பார்க்காமல் மீண்டும் பாயில் ஏறவே கூடாது.

பெரியவர்களை அதிகம் படுத்துவது முழங்கால். ஒருவர் எதிர்ப்பதும் மற்றவர் மேலே சரிவதும் ஒரே நேரத்தில் நடக்கும்போது முட்டி திருகிக்கொள்கிறது. இதற்கு நல்ல மருந்து, வீழ்த்தப்படுவதை எதிர்த்துக் கடைசி நொடிவரை முறுக்கிக்கொண்டு நிற்காமல் இருப்பது. சமநிலை போய்விட்டது என்று தெரிந்ததும் விழுந்துவிடுங்கள். போட்டியாளருக்கு அது தோல்வி. உங்களுக்கு இன்னொரு உகெமி, அவ்வளவுதான். கழுத்தெலும்புத் தேய்மானம், எலும்பு அடர்த்திக் குறைவு, விழித்திரைப் பிரச்சினை, கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் உள்ளவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் சேர்வதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.

வகுப்பைத் தேர்ந்தெடுக்க

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். பாய்கள் தடிமனாக, இடைவெளியில்லாமல், நகராமல் இருக்கின்றனவா? தத்தாமி எனப்படும் ஜூடோ பாய் பெரும்பாலும் 4 சென்டிமீட்டர் தடிமன் இருக்கும். சிமெண்ட் தரைமேல் யோகா விரிப்பை விரித்து வீழ்த்தல் கற்பிக்கும் இடத்தில் ஒரு நிமிடம்கூட நிற்க வேண்டாம். கருப்பு பெல்ட் கட்டியவர்கள் புதியவர்களோடு இணைந்து பழகுகிறார்களா, தங்களுக்குள்ளேயே மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்களா? நாற்பதைக் கடந்தவர்கள் நாலைந்து பேராவது நொண்டாமல் பழகிக்கொண்டிருந்தால் அதைவிட நல்ல சான்று இல்லை. பெண்கள், உங்களுக்கு இணையான எடையில் கூடப் பழக ஆள் இருக்கிறதா என்று வெளிப்படையாகக் கேளுங்கள்.

மூத்த மாணவர்கள் தட்டுதலை எப்படி மதிக்கிறார்கள் என்பதும் முக்கியம். தரைப்பிடியில் மாட்டிக்கொண்டவர் கையால் இரண்டு முறை தட்டினால் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும். இதில் பேச்சுக்கே இடமில்லை. நீங்களும் வீராப்புக்காகத் தட்டாமல் இருக்காதீர்கள்.

சுத்தம் இன்னொன்று. நம் ஊர் வெயிலிலும் வியர்வையிலும் படர்தாமரை பாய் வழியாக ஒருவரிடமிருந்து ஒருவருக்கு எளிதில் தொற்றும். உடையை ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் துவைத்து வெயிலில் காயவைக்க வேண்டும். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். வெறுங்காலோடு கழிப்பறைக்குப் போய்விட்டு அதே காலோடு பாயில் ஏறக் கூடாது. தோலில் வட்டமாகத் தடிப்பு கண்டால் ஆறும்வரை விடுப்பு எடுப்பதுதான் நாகரிகம்.

பெல்ட் நிறத்தைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். வெள்ளைக்கும் கருப்புக்கும் இடையே வரும் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம் எல்லாம் ஐரோப்பாவில் பரவிய ஏற்பாடு. பொறுமையிழக்கும் மாணவர்களுக்கு நடுவில் சில மைல்கற்கள். பொழுதுபோக்காகப் பழகுபவர் ஒரே நிறத்தில் சில ஆண்டுகள் இருந்தாலும் குறையில்லை.

தற்காப்புக்கு உதவுமா என்று கேட்பவர்களுக்கு: ஒருவர் இழுத்தாலும் தள்ளினாலும் பதறாமல் காலூன்றி நிற்கும் பழக்கம் வரும். அதற்கு மேல் வாக்குறுதி தருபவர்களை நம்ப வேண்டாம். எதிரில் இருப்பவர் கையில் கத்தி இருந்தால் தப்பி ஓடுவதே சரி.

எல்லா ஊரிலும் ஜூடோ மன்றம் இருக்காது. ஐகிடோ என்னும் மற்றொரு ஜப்பானியத் தற்காப்புக் கலையிலும் உருளலும் விழுதலும் முதன்மையான பாடம். அங்கே எதிர்ப்பு குறைவு, ஆகவே மூச்சு வாங்குவதும் குறைவு. பிரேசிலிய ஜியூ-ஜிட்சுவில் பெரும்பகுதி தரையிலேயே நடப்பதால் உயரத்திலிருந்து விழுவது கம்மி, உழைப்பு அதிகம். சிலம்பம் காலடிக்கும் தோளுக்கும் அருமையான பயிற்சி, தனியாகவும் பழகலாம். ஆனால் விழக் கற்றுத்தராது. அறுபதைத் தாண்டியவர், முன்பின் பழக்கம் இல்லாதவர் என்றால் மெதுவான அசைவுகளைக் கொண்ட சீனப் பயிற்சியான தை சியில் தொடங்கச் சொல்வேன். முதியோர் கீழே விழுவதை அது குறைக்கிறது என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. தை சி விழாமல் இருக்கப் பழக்குகிறது, ஜூடோ விழுந்தால் தப்பிக்கப் பழக்குகிறது.

பார்வை இல்லாதவர்களும் ஜூடோ பழகலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஒருவரையொருவர் பிடித்த நிலையிலேயே ஆட்டத்தைத் தொடங்கிவிட்டால், எதிராளியின் எடை எங்கே நகர்கிறது என்பது கைவழியாகவே தெரிந்துவிடும். 1988 முதல் பாராலிம்பிக்கில் இது இடம்பெற்றிருக்கிறது. 2024இல் பாரிஸில் கபில் பர்மார் வென்ற வெண்கலம், பாராலிம்பிக் ஜூடோவில் இந்தியாவின் முதல் பதக்கம்.

வகுப்பில்லாத நாட்களில் வீட்டில் என்ன செய்யலாம்? டைல்ஸ் தரையில் உருண்டு பார்க்காதீர்கள். மெத்தையைத் தரையில் போட்டு, சுவரும் கட்டிலும் எட்டாத தூரத்தில், குந்திய நிலையிலிருந்து மெதுவாகப் பின்னால் சாயுங்கள். முகவாய் உள்ளே, முதுகு வளைந்து, கை ஊன்றாமல். மெத்தையில் கையை அறைய வேண்டிய அவசியமில்லை. பிறகு கையை ஊன்றாமலே எழுந்து நிற்க முயலுங்கள். முதலில் முடியாது, ஒரு கையை முழங்காலில் வைத்து எழலாம். வேகம் வேண்டாம், தலை மெத்தையைத் தொடவே இல்லை என்பது உறுதியான பிறகே எண்ணிக்கையைக் கூட்டுங்கள். நின்ற நிலையிலிருந்து விழுவதைப் பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும் நாளுக்கு விட்டுவிடுங்கள்.